கேத்தல் கொதிக்கும் வரை

என் மகளின் திருமணத்துக்கு நாள் குறித்த அன்று மாலையே, அத்திருமணத்தில் நான் உரையாற்றலாகாது என்னும் ஆணையும் பிறந்தது. ஆணையிட்டவள் மகள். வழிமொழிந்தவர் என் மனைவி.

"அப்பா, என்ரை கலியாணத்திலை நீங்கள் பேசுறேல்லை. இப்பவே சொல்லிப்போட்டன்."

"பெத்த தகப்பன் வாழ்த்தாமல் ஒரு கலியாணமோ, பிள்ளை?"

"வாழ்த்துங்கோ. ஆர் வேண்டாமெண்டது? மனசுக்குள்ளை வாழ்த்துங்கோ."

குசினி அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது: "மனசுக்குள்ளையும் சுருக்கமா வாழ்த்துங்கோ."

போர் நடந்த அக்காலத்தில் நாங்கள் குடாநாட்டை விட்டு இடம்பெயர்ந்து வன்னியில், ஜெயபுரத்தில் ஓர் ஓலைக் கொட்டிலில் வாழ்ந்துகொண்டிருந்தோம். முப்பதாண்டுகளுக்கு மேல் தமிழாசிரியனாக இருந்தவன் நான். திருமணமாயினும் மரணமாயினும் பரிசளிப்பு விழாவாயினும், எங்கள் பகுதியில் நான் பேசாமல் ஒன்றும் நிறைவுற்றதில்லை. நான் பேசியமையால் நிறைவுறாமல் நின்றவை சில உண்டு. வன்னிக்கு வரும்போது அலுமாரியையும் கதிரைகளையும் கைவிட்டு வந்தோம். என் சொற்பொழிவுகளை மட்டும் ஒன்றுவிடாமல் கொண்டு வந்தேன். அவற்றுக்கு வண்டி தேவைப்படவில்லை.

மகளின் ஆணைக்கு ஒரு காரணம் இருந்தது. அயலில் வாழ்ந்தவர் மலையகத்திலிருந்து பல்லாண்டுகளுக்கு முன்னரே வந்து, காடு வெட்டிக் கழனியாக்கிய உழவர். நாங்கள் கொட்டில் போட்டிருந்த நிலமும் அவர் மனமுவந்து விட்டுத்தந்ததே. அவருடைய மூத்த மகளின் திருமணத்தில் வாழ்த்துரை வழங்குமாறு என்னை அழைத்தார். தாலி கட்டி முடிந்ததும் எழுந்தேன். பண்டை நாளில் மணவினை எவ்வாறு தோன்றிற்று என்பதிலிருந்து தொடங்கினேன். நான் முடிக்காமல் பந்தி வைப்பது முறையன்று என்று வீட்டார் காத்திருந்தனர்.

பேச்சின் நடுவே மணமகளின் தலை மெல்லச் சாய்ந்து மணமகனின் தோளில் தங்கியதைக் கண்டேன். அதனைப் புதுமணத் தம்பதியரிடையே அரும்பிய அன்பெனக் கருதி, விட்டுவிட எண்ணியிருந்த 'இல்லறத்தின் இனிமை' என்னும் பகுதியையும் சேர்த்துக்கொண்டேன். முதல்நாள் மாலை தொடக்கம் அவள் உண்ணாமல் நோற்றிருந்தாள் என்பதும், நான் கண்டது அன்பன்று, உறக்கம் என்பதும் பின்னரே தெரிந்தன. உரை முடிந்து நிமிர்ந்தபோது பந்தலில் எஞ்சியிருந்தோர் மூவர்: எழுந்து போக முடியாத நிலையில் மணமக்கள் இருவர், எழுப்ப முடியாத நிலையில் நாதசுரக்காரர் ஒருவர். ஏனையோர் பசி பொறுக்காமல், ஒருவர் பின் ஒருவராகச் சைக்கிள்களை ஓசையின்றி உருட்டிக்கொண்டு போய்விட்டிருந்தனர்.

மறுநாட் காலை அயலவர் வேலிக்கப்பால் நின்று, என் மனம் நோகாத வண்ணம் சொன்னார்: "பேச்சு நல்லாத்தாங்க ஐயா இருந்திச்சி. ஆனா சோறு பூராக் கட்டி தட்டிப் போயிருச்சி. மாடுங்க கூட ஒரு மாதிரியாப் பாத்துட்டுத்தான் தின்னுச்சிங்க."

அதன்பின் ஊரில் நடந்த மங்கல நிகழ்வுகளுக்கெல்லாம் அழைப்பு வந்தது. பேசுமாறு மட்டும் ஒருவரும் அழைக்கவில்லை.

ஆகவே மகளிடம் நான் வாதாடவில்லை, மன்றாடினேன். மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசாமலிருந்தும் பார்த்தேன். வீட்டில் நிலவிய அமைதியை இருவரும் மிக விரும்புகின்றனர் என்று அறிந்து, நான்காம் நாள் அம்முறையைக் கைவிட்டேன். ஈற்றில் அவள் ஒரு வழி திறந்தாள்.

"சரி, ஒரு சோதினை வைப்பம். அம்மா பின்னேரத் தேத்தண்ணிக்குக் கேத்தலை அடுப்பிலை வைக்கேக்கை நீங்கள் பேச்சைத் தொடங்கவேணும். தண்ணி கொதிக்கமுன்னம் முடிக்கவேணும். மூண்டு ஞாயிறு தொடர்ந்து சித்தியடைஞ்சால் கலியாணத்திலை பேசலாம்."

மணிக்கூடு பார்த்து அளவிடலாமே என்று வாசகர் நினைக்கலாம். வன்னிக்குள் மணிக்கூட்டுக்குப் போடும் பற்றறிகூட வர அனுமதியில்லாத காலம் அது. எங்கள் சுவர்மணிக்கூடு ஈராண்டாக நாலேகாலிலேயே நின்றது. தேநீர் குடிக்கும் பேணியால் ஐந்து பேணித் தண்ணீர் கொள்ளும் அலுமினியக் கேத்தலே எங்கள் காலக் கருவியாயிற்று. அதற்குக் 'கொதிகெண்டி' என்று பெயரிட்டு ஒரு கிழமை வழங்கிப் பார்த்தேன். அப்பெயரைச் சொன்ன நாட்களில் எனக்குத் தேநீர் வராமையால் மீண்டும் கேத்தலுக்கே திரும்பினேன்.

திருமணம் வைகாசியில். மாசியிற் பயிற்சியைத் தொடங்கினேன். பழைய கொப்பியொன்றின் எழுதாத தாள்களை எடுத்துத் தைத்து, 'உரைச் சுருக்க முன்னேற்றக் குறிப்பேடு' என்று முகப்பில் எழுதினேன். உள்ளே கேத்தலின் நிலை, நிகழ்ந்த பிழை, பெற்ற படிப்பினை என மூன்று நிரல்கள் வரைந்தேன். மாணவரின் பிழைகளை முப்பதாண்டு திருத்தியவனுக்குத் தன் பிழைகளைக் குறிப்பது எளிது என்றே எண்ணினேன்.

முதற் பதிவு இன்றும் என்னிடம் உள்ளது. "கேத்தல் கொதித்தது. தேயிலை போட்டாயிற்று. மூவரும் குடித்தாயிற்று. பேணிகள் கழுவிக் கவிழ்த்தாயிற்று. உரை முகவுரையில் நிற்கிறது. பிழை: நேரம் போதாமை குறித்து நெடுநேரம் பேசியமை."

அடுத்த கிழமைப் பதிவு: "கேட்போர் இருவர், நான் விளித்தோர் பதினொருவர். படிப்பினை: வராதவர்களை விளிக்கற்க."

அதற்கடுத்தது: "'இறுதியாக' என்று ஐந்து முறை சொன்னேன். முதன்முறை சொன்னதும் மனைவி எழுந்துவிட்டார். நான்கு முறை மீண்டும் அமர நேர்ந்தது. அவருக்கு முழங்கால் நோ. படிப்பினை: அச்சொல்லை ஒருமுறைக்கு மேல் ஆளற்க."

பங்குனி பிறந்தபோது முன்னேற்றம் வெளிப்படையாயிற்று. விளிகள் மூன்றாயின. முகவுரை பாதியாயிற்று. ஆயினும் கேத்தலின் மூடி துள்ளத் தொடங்கும் வேளையில் நான் எப்போதும் பண்டை மணமுறைக்கும் இல்லறத்தின் இனிமைக்கும் இடையிலேயே நின்றுகொண்டிருந்தேன். அவ்விரண்டில் எதனையும் வெட்ட மனம் வரவில்லை. ஒன்று என் அறிவு. மற்றது என் நடை. ஞாயிறுதோறும் தோற்றேன். மகள் கேத்தலைச் சுட்டிக்காட்டுவாள்.

அப்படியிருக்கையில் ஒரு ஞாயிறன்று பருவம் தப்பிய மழை பெய்தது. நான் இரண்டு பகுதிகளையும் ஒரு சொல்லும் குறையாமற் சொல்லி, வாழ்த்தும் கூறி அமர்ந்தேன். கேத்தல் வாய் திறக்கவில்லை.

"அப்பா! முடிச்சிட்டியள்!" என்று மகள் துள்ளி எழுந்தாள்.

நானும் வியந்தேன். குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். மனைவி கண்களைக் கசக்கியவாறு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். விறகு நனைந்திருந்தது.

நேர்மையாளன் ஒருவன் அவ்விடத்திலேயே உண்மையைச் சொல்லியிருப்பான். நான் குறிப்பேட்டில் 'சிறப்பு' என்று எழுதினேன்.

மறுநாள் தொடக்கம் விறகு கொண்டுவரும் பணியை நானே ஏற்றுக்கொண்டேன். "இவருக்கு இப்பதான் வீட்டு வேலையிலை பொறுப்பு வந்திருக்கு" என்று மனைவி வேலிக்கப்பாலுள்ளோரிடம் பெருமையாகச் சொன்னார். கொட்டிலின் பின்புறம் இரண்டு விறகு அடுக்குகள் அமைத்தேன். இடப்புறம் நன்கு காய்ந்த பாலை, வீரை மரக் கொள்ளிகள். வலப்புறம் அண்மையில் வெட்டிய பச்சை விறகு. மிளகாய்க் கன்றுகளுக்கு நீர் இறைக்கும்போது அவ்வலப்புற அடுக்குக்கும் நாள்தோறும் ஒரு வாளி ஊற்றினேன். மனித முயற்சி இவ்வளவு தூரம் இறங்கக்கூடும் என்று அதற்கு முன் நான் அறிந்திருக்கவில்லை. கிழமை நாட்களில் இடப்புற விறகு. ஞாயிறுகளில் வலப்புற விறகு. மனைவி புகையில் இருமினார். நான் இல்லறத்தின் இனிமையை எடுத்துரைத்தேன்.

இரண்டாம் ஞாயிறு சித்தி. மூன்றாம் ஞாயிறும் சித்தி. ஒன்றை மட்டும் என்னால் மறைக்க முடியவில்லை. விடைத்தாள் திருத்திய கை, பிழையைக் கண்டால் ஓரத்தில் ஒரு குறியாவது இடாமல் ஓயாது. ஆதலால் அம்மூன்று நாட்களுக்கும் எதிரே ஓரத்தில் 'ஈ.வி.' என்று சிறிதாக எழுதி வைத்தேன். 'ஈர விறகு' என்பதன் சுருக்கம் அது. வேறெவரும் அதனை உணரார் என்பது என் துணிபு.

மகள் தடையை நீக்கினாள். அத்தோடு நின்றிருந்தால் என் மனச்சான்று உறங்கியிருக்கும். அவள் தொடர்ந்தாள்: "மாப்பிள்ளை வீட்டுக்காரருக்கும் சொல்லிப்போட்டன், அப்பா சுருக்கமாப் பேசி வெள்ளெனவா முடிச்சிடுவார் எண்டு. அவை முள்ளியவளையிலை இருந்து உழவு மிசின்லை வருகினம். இருட்டமுன்னம் திரும்பவேணுமாம். பேசி முடிஞ்ச கையோடை பந்தி. நான் உங்களை நம்பி வாக்குக் குடுத்திட்டன் அப்பா."

என் உரையிலோ இரண்டு பகுதிகளும் வெட்டப்படாமலே கிடந்தன.

ஒரு காலைப்பொழுதில் மனைவியும் மகளும் கூறைச் சேலை பார்க்கப் புறப்பட்டதும், உண்மையை அறியத் துணிந்தேன். கேத்தலில் ஐந்து பேணி நீர் நிரப்பினேன். இடப்புறத்துக் காய்ந்த விறகை மூட்டினேன். முழு உரையையும் குசினி வாசலில் நின்று ஆற்றினேன். முற்றத்துக் கோழிகள் மட்டும் கேட்டன. அவையும் நடுவில் எழுந்து போயின. வாழ்த்துக் கூறி முடித்துத் திரும்பியபோது கேத்தலில் நீரே இல்லை. கொதித்து, வற்றி, அடி கரிந்து, கைபிடியும் உருகியிருந்தது.

மாலையில் மனைவி கேத்தலைத் தூக்கிப் பார்த்தார். "இஞ்சாருங்கோ, இதுக்கு என்ன நடந்தது?"

"தண்ணி கொதிச்சிட்டுது" என்றேன். அது பொய்யன்று.

அன்றுதான் உண்மையிலேயே வெட்டத் தொடங்கினேன். பண்டை மணமுறை போயிற்று. இல்லறத்தின் இனிமை போயிற்று. அது போன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் ஆளில்லாத வேளைகளிலெல்லாம் காய்ந்த விறகை மூட்டி, கேத்தலின் முன் நின்று பேசினேன். இரண்டு கிழமையின் ஈற்றில், நீர் மெல்லப் பாடத் தொடங்கும்போதே உரை முடிந்தது. மீண்டும் செய்தேன்; முடிந்தது. மூன்றாம் முறையும் முடிந்தது. ஓரத்தில் 'உ.வி.' என்று பெருமிதத்தோடு எழுதினேன்: உலர்ந்த விறகு. அப்போது இடப்புற அடுக்கைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அங்கு மூன்று கொள்ளிகளே எஞ்சியிருந்தன. வலப்புற அடுக்கு, நான் பழக்கத்தில் ஊற்றிவந்த வாளியால், வளர்ப்புப் பிள்ளைபோல் நீருண்டு செழித்து நின்றது.

திருமண நாள் வந்தது. சமையற் பொறுப்பை அயலவரே விரும்பி ஏற்றிருந்தார். விடியற்காலையிலேயே கிடாரங்களை அடுப்பிலேற்றி, தாம் கொண்டுவந்த விறகில் கறிகளை முடித்துவிட்டார். சோற்றுக்கு விறகு போதாமற் போகவே, "ஐயா வீட்டுப் பின்னால ஒரு அடுக்கு இருக்கு, அத எடுத்தாங்கடா" என்று தம் ஆட்களுக்குச் சொல்லியிருக்கிறார். அப்போது நான் மணவறையின் அருகில், பட்டு வேட்டியோடு, உரையை மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாலி ஏறிற்று. நான் எழுந்தேன். எழுந்ததும் அவையில் ஒரு சலசலப்பு. முன்பு சைக்கிள் உருட்டிப் போனவர்களுள் சிலர், இம்முறையும் சைக்கிள்களை வாசலை நோக்கித் திருப்பி நிறுத்தியிருந்ததைக் கண்டேன்.

மூன்றே விளிகள். மகளைப் பற்றிச் சில சொற்கள். மருமகனைப் பற்றி ஒன்றிரண்டு. இருவருக்கும் வாழ்த்து. 'இறுதியாக' என்னும் சொல்லை ஒரே முறை சொன்னேன்; அது இறுதியாகவே இருந்தது. அமர்ந்தேன்.

ஒருவரும் கை தட்டவில்லை. நான் மூச்சு வாங்குவதற்காக அமர்ந்ததாக எண்ணிவிட்டனர். மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருவர் அருகிலிருந்தவரிடம் கேட்டது எனக்குக் கேட்டது: "முடிஞ்சுதோ? இவரைப்பற்றி வேறை மாதிரியெல்லோ சொன்னவை?" அதன்பின் எழுந்த கைதட்டலைப் போல் ஒன்றை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை. மகள் என்னை நோக்கிச் சிரித்தாள்.

அச்சிரிப்பு மறையுமுன் அயலவர் பந்தலின் பின்புறத்திலிருந்து ஓடிவந்தார். கண்கள் செக்கச் சிவந்திருந்தன. என் காதருகே குனிந்தார்.

"ஐயா, சோறு வேகல. வெறகு பூரா ஈரம். ஊதி ஊதி வாயே வீங்கிருச்சி. இன்னொரு அரை மணிநேரம் பேசிச் சமாளிங்கய்யா."

"நானோ?"

"நீங்கதாங்க. உங்கள விட்டா ஆரு அவ்வளவு நேரம் பேசுவா?"

எந்த விறகு, எப்படி ஈரமாயிற்று என்பது ஒரு நொடியில் விளங்கிவிட்டது. பந்தலில் நூறு பேர் பசியோடு இருந்தனர். உழவு இயந்திரக்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உண்ணாமற் புறப்பட்டால் சம்பந்தி வீட்டார் காலமெல்லாம் அதனைச் சொல்லிக் காட்டுவர். மகள் கொடுத்த வாக்கும் போகும். செய்தி மணவறைக்கும் எட்டிவிட்டது. அவள் மாலையை விலக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, பேசுங்கோ."

"என்னத்தைப் பேச?"

"என்னத்தையெண்டாலும் பேசுங்கோ. நீளமாப் பேசுங்கோ!"

எழுந்து நின்றேன். வாய் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. பண்டை மணமுறையைத் தேடினேன். அதன் முதல் வரியும் நினைவிலில்லை. மூன்று மாதம் முயன்று வெட்டியது அவ்வளவு திருத்தமாக வெட்டப்பட்டிருந்தது. வாழ்நாளிலேயே முதன்முறையாக, அவையொன்று நான் பேசுவதற்குக் காத்திருக்க, என்னிடம் சொல் இருக்கவில்லை. மடியிற் செருகியிருந்த குறிப்பேடு மட்டும் கைக்குத் தட்டுப்பட்டது.

அதனை விரித்து வாசிக்கத் தொடங்கினேன். "கேத்தல் கொதித்தது. தேயிலை போட்டாயிற்று..."

பேணிகள் கழுவிக் கவிழ்த்த இடத்தில் முதற் சிரிப்பு எழுந்தது. வராதவர்களை விளித்த இடத்தில் பந்தல் அதிர்ந்தது. மனைவியின் முழங்கால் நோவுக்கு வந்தபோது, சைக்கிள் அருகில் நின்றவர்களும் உள்ளே வந்து அமர்ந்துவிட்டனர். விறகு கிடாரத்தின் அடியில் புகைந்துகொண்டிருக்க, நான் பிழை பிழையாக, படிப்பினை படிப்பினையாக முன்னேறினேன். அயலவரின் மகள் உறங்கிய கதையையும் அவிழ்த்தேன். அவளே முன்வரிசையில் இருந்து, "இன்னக்கி தூக்கம் வரல மாமா!" என்றாள்.

மழை பெய்த ஞாயிற்றை அடைந்ததும் நாவு தயங்கிற்று. 'சிறப்பு' என்பதை மட்டும் வாசித்துத் தாளைப் புரட்ட முயன்றேன். எனக்குப் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் அந்தப் பெரியம்மா.

"தம்பி, உந்த ஓரத்திலை ஈயன்னாவும் வீனாவும் எண்டு கிடக்கு. அதென்ன?"

மகள் என்னையே பார்த்தாள். மாணவரிடம் எத்தனையோ முறை கேட்ட வினாவை எனக்கு நானே கேட்டுக்கொண்டேன்: இதை எழுதியவன் யார்?

"ஈர விறகு" என்றேன். வாளி தொடக்கம் அடுக்கு வரை அனைத்தையும் சொன்னேன். இன்று சோறு வேகாமைக்குக் காரணம் மழையன்று, மணமகளின் தந்தையே என்றும் சொன்னேன்.

நான் அஞ்சியது மகளின் முகத்தை. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் மணமகனின் தோளிலே முகம் புதைத்திருந்தாள். இம்முறை அது உறக்கமன்று. அவள் சிரித்த சிரிப்பில் மணமகனின் தலைப்பாகையும் சரிந்துவிட்டது.

பந்தலின் பின்புறத்திலிருந்து அகப்பையோடு மனைவி வந்தார். கண்கள் அயலவரின் கண்களைவிடச் சிவந்திருந்தன.

"அப்ப ஞாயிறு ஞாயிறா நான் அடுப்படியிலை அழுதது உங்கடை பேச்சுக்கோ?"

"ஓம்" என்றேன். "என்னை மன்னியும்."

"நான் என்ரை கண்ணிலை ஏதோ வருத்தமெண்டு, ஆசுப்பத்திரியிலை காட்ட நம்பர்த் துண்டும் எடுத்து வைச்சிருக்கிறன்" என்றார். அடுத்து எழுந்த நூறு பேரின் சிரிப்பில் எஞ்சிய சொற்கள் கேட்கவில்லை. அது ஓய்ந்தபோது அகப்பையை உயர்த்தி அறிவித்தார்: "சோறு வெந்திட்டுது. எல்லாரும் வாங்கோ."

முள்ளியவளைக்காரர் வயிறார உண்டு, வெளிச்சமிருக்கவே புறப்பட்டனர். உழவு இயந்திரத்தில் ஏறிய பெரியம்மா, "உந்தக் கொப்பியைக் கவனமா வைச்சிருங்கோ, பேரப்பிள்ளையின்ரை கலியாணத்துக்கும் தேவைப்படும்" என்று சொல்லிப் போனார். அன்று இரவு குறிப்பேட்டில் எதனையும் எழுதவில்லை. அடுத்த நாட் காலையில் வலப்புற அடுக்கில் எஞ்சிய விறகை ஒவ்வொன்றாக எடுத்து வெயிலிற் பரப்பினேன். மனைவி அடி கரிந்த கேத்தலை வாசலில் வைத்து, நான் பரப்பி முடிக்கும் வரை கண்காணித்துக்கொண்டிருந்தார்.

வேலிக்கப்பால் அயலவர் வந்து நின்றார். சற்றுநேரம் என் வேலையைப் பார்த்தார்.

"ஐயா, ஆவணில நம்ம சின்னவளுக்குக் கலியாணம். நீங்கதான் வந்து பேசணும்."

கையிலிருந்த கொள்ளியைக் கீழே வைத்தேன். "எவ்வளவு நேரம் பேசலாம்?" என்றேன்.

"நேரம் நீங்க எவ்வளவு வேணுன்னாலும் எடுத்துக்கங்க" என்றார் அவர். "வெறக மட்டும் நாங்களே கொண்டாந்துக்கிறோம்."